டெத் வேலிக்கு ஒரே நாளில் போய்வர: வெயிலைப் பார்த்து வகுத்த முழுத் திட்டம்

ஊரிலிருந்து வந்தவர்களோடு லாஸ் வேகாஸில் தங்கினால் இரண்டாம் நாள் காலையில் யாராவது ஒருவர் கேட்டுவிடுவார்: "டெத் வேலி இங்க கிட்டத்தானே, ஒரு எட்டு போய்ட்டு வந்துடலாமா?" கிட்டத்தான். கலிஃபோர்னியாவில் உள்ள அந்தப் பாலைவனப் பூங்காவின் நடு இடமான ஃபர்னஸ் க்ரீக்குக்கு ஏறக்குறைய 120 மைல், இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். ஆனால் நினைத்த மாத்திரத்தில் ஒரு எட்டு போய்வரக்கூடிய இடம் அது இல்லை. 34 லட்சம் ஏக்கர் பரப்பு. அலாஸ்காவை விட்டுவிட்டால் அமெரிக்காவின் தேசியப் பூங்காக்களில் இதுதான் பெரியது. 1933-ல் தேசிய நினைவிடமாக அறிவித்தார்கள், 1994-ல் தேசியப் பூங்கா ஆனது.

முதல் தடவை நான் நண்பர்களோடு போனது ஒரு மே மாதக் கடைசியில். வேகாஸில் நிதானமாக இட்லி சாப்பிட்டு, பத்து மணிக்குக் கிளம்பி, பன்னிரண்டரைக்கு, பள்ளத்தாக்கின் மிகத் தாழ்ந்த இடமான பேட்வாட்டரில் இறங்கி, உப்புத் தரையில் இருபது நிமிடம் உள்ளே நடந்தோம். திரும்பும் வழியில் ஒருவனுக்குத் தலைவலி, அப்புறம் வாந்தி. கைத்தாங்கலாகக் கூட்டிவந்து காரில் போட்டு, ஏசியைத் திருப்பிவிட்டு, தலையில் தண்ணீர் ஊற்றித் தேற்றினோம். அதன் பிறகு நான்கு முறை போயிருக்கிறேன், அதில் ஒரு முறை அப்பா அம்மாவோடு. கீழே உள்ள திட்டம் அந்த நான்கு பயணங்களில் படிப்படியாகத் திருத்தியது.

இதன் அடிப்படை ஒன்றுதான்: வெயில் ஏற ஏற நாமும் மலைமேல் ஏற வேண்டும், வெயில் இறங்கும்போது நாமும் கீழே இறங்க வேண்டும். இது என் யோசனை இல்லை. பல தலைமுறைகளாக அந்தப் பள்ளத்தாக்கில் வாழ்ந்துவரும் டிம்பிஷா ஷோஷோனி மக்கள் குளிர்காலத்தைப் பள்ளத்திலும் கோடையைச் சுற்றியுள்ள மலைகளிலும் கழித்தார்கள். அவர்கள் ஓர் ஆண்டில் செய்ததை நாம் ஒரு நாளில் செய்கிறோம், அவ்வளவுதான். தங்கள் மண்ணுக்கு மரணத்தின் பெயர் வைத்ததை அவர்கள் ஏற்பதில்லை. 1849-ல் தங்கம் தேடிக் கிளம்பிய கூட்டம் ஒன்று குறுக்குவழி என்று நம்பி அங்கே மாட்டிக்கொண்டு தவித்தது. அவர்கள் தப்பி வெளியேறியபோது வைத்த பெயர் இது.

மாதம்: இதில் மட்டும் விட்டுக்கொடுக்காதீர்கள்

நவம்பர் முதல் மார்ச் வரைதான் போகவேண்டிய காலம். ஃபர்னஸ் க்ரீக்கின் சராசரிப் பகல் உச்சத்தை செல்சியஸில் சொல்கிறேன்: டிசம்பரில் 18, ஜனவரியில் 19, பிப்ரவரியில் 23, மார்ச்சில் 28. ஏப்ரலில் 33 ஆகிறது, மேயில் 38, ஜூனில் 43, ஜூலையில் 47.

"நாம பாக்காத வெயிலா?" என்ற கேள்வி நம் வீடுகளில் கட்டாயம் வரும். பதில் இதுதான்: சென்னை கண்ட உச்சமே 2003 மே மாதம் பதிவான 45 டிகிரி. டெத் வேலியில் ஜூலையின் சாதாரண நாளே அதைத் தாண்டிவிடும். 1913 ஜூலை 10 அன்று அங்கே பதிவான 56.7 டிகிரிதான் உலக வானிலை அமைப்பின் கணக்கில் இன்றுவரை உலகின் அதிகபட்சம். அது காற்றின் சூடு. 1972 ஜூலையில் தரையின் சூட்டை அளந்தபோது 94 டிகிரி காட்டியது. தண்ணீர் கொதிக்க அதற்கு மேல் ஆறு டிகிரிதான் வேண்டும்.

இன்னொரு வித்தியாசம் இதைவிட முக்கியம். சென்னையில் வேர்த்தால் சட்டை நனையும், உடம்பு தண்ணீர் கேட்பது நமக்குத் தெரியும். டெத் வேலியின் காற்றில் ஈரமே இல்லை. வேர்வை தோலுக்கு வந்த நொடியில் காய்ந்துவிடும். சட்டை நனையாது, தாகமும் தாமதமாகத்தான் எடுக்கும். தெரியாமலே லிட்டர் கணக்கில் இழந்துகொண்டிருப்போம்.

ஏன் இப்படி? அந்தப் பள்ளத்தாக்கு கடல்மட்டத்துக்குக் கீழே இறங்கிய, நீண்டு குறுகிய ஒரு தொட்டி. சூடான காற்று மேலே எழும்பினாலும் இருபக்க மலைச்சுவர்களுக்குள் சிக்கி, மறுபடி கீழே வந்து, மேலும் சூடாகிறது. மழை வராததன் காரணம் நமக்குப் பழக்கமானதுதான். தென்மேற்குப் பருவக்காற்று மேற்குத் தொடர்ச்சி மலையில் மழையைக் கொட்டிவிட்டு, வெறுங்கையோடு தமிழ்நாட்டுப் பக்கம் இறங்குவதைப் பள்ளியில் மழை மறைவுப் பிரதேசம் என்று படித்தோம். இங்கே பசிபிக்கிலிருந்து வரும் ஈரக்காற்று சியரா நெவாடாவில் தொடங்கி நான்கு மலைத்தொடர்களைத் தாண்ட வேண்டும். கடைசியில் ஆண்டுக்கு இரண்டு அங்குல அளவுக்குத்தான் மழை மிஞ்சுகிறது. 1929-ல் ஒரு துளிகூடப் பதிவாகவில்லை.

பாலைத் திணைக்கு நம் இலக்கணம் வகுத்த பெரும்பொழுது வேனில், சிறுபொழுது நண்பகல். தலைவன் பொருள் தேடிப் போகும் கொடிய வழிக்கு அதுதான் பொருத்தம். குடும்பத்தோடு சுற்றிப்பார்க்கப் போகிறவர்கள் அந்த இரண்டையும் தவிர்த்தாலே பாதி ஆபத்து விலகிவிடும்.

சிக்கல் என்னவென்றால், பேரப்பிள்ளைகளுக்கு விடுமுறை என்று நம் பெற்றோர் பெரும்பாலும் ஜூன், ஜூலையில்தான் வருகிறார்கள். அந்த மாதங்களில் அவர்களை அங்கே கூட்டிப் போகாதீர்கள் என்றுதான் சொல்வேன். என் பெற்றோரை நான் தீபாவளி முடிந்து கிளம்பி வரச்சொன்னேன். ஜனவரி முதல் வாரத்தில் பள்ளத்தாக்கைப் பார்த்துவிட்டு, பொங்கலுக்கு ஊரில் இருந்தார்கள்.

ஒரு வாரம் முன்பு

தேசியப் பூங்கா சேவையின் இணையதளத்தில் டெத் வேலி பக்கத்துக்குப் போய், தற்போதைய சாலை நிலவரத்தைப் பாருங்கள். மழையே இல்லாத ஊரில் சாலை எதனால் மூடும் என்று தோன்றும். வெள்ளத்தால்தான். அந்த மண் தண்ணீரை உள்ளே இழுக்காது, பெய்தது எல்லாம் மலையிலிருந்து கல்லோடும் சேற்றோடும் இறங்கும். 2022 ஆகஸ்டில் ஒரே நாளில் பெய்த ஒன்றரை அங்குல மழைக்கு ஏறக்குறைய ஆயிரம் பேர் உள்ளே சிக்கிக்கொண்டார்கள். அடுத்த ஆண்டு ஆகஸ்ட் 20 அன்று ஹிலரி புயலின் மிச்சம் 2.2 அங்குலத்தைக் கொட்டியது. ஒரு நாளில் ஓர் ஆண்டின் மழை. பூங்காவை அக்டோபர் நடுப்பகுதி வரை மூடிவைத்தார்கள். 2015 அக்டோபர் வெள்ளத்தில் சேதமான ஸ்காட்டி கோட்டை என்ற மாளிகையைப் பழைய பயணக் குறிப்புகள் இன்றும் பார்க்கச் சொல்கின்றன. அந்த வெள்ளத்துக்குப் பின் அதன் வாசல் பொதுமக்களுக்கு மூடப்பட்டுவிட்டது.

கட்டணம் ஒரு காருக்கு 30 டாலர், ஏழு நாள் செல்லும். ரொக்கம் வாங்குவதில்லை, கார்டு வேண்டும். வழிமறித்து வசூலிக்கும் வாயில் எதுவும் இல்லை, நாமே போய்க் கட்ட வேண்டும். கட்டிவிடுங்கள். அந்தப் பணத்தில் பெரும்பகுதி பூங்காவுக்கே செலவாகிறது.

அப்புறம், போகிற நாளின் சூரிய உதயம், மறைவு நேரங்களைக் குறித்துக்கொள்ளுங்கள். ஜனவரியில் உதயம் ஏறக்குறைய ஏழு மணிக்கு, மறைவு ஐந்துக்குச் சற்று முன்பு. வேறு மாதத்தில் போனால் நான் கீழே சொல்லும் நேரங்களை அதற்கேற்ப நகர்த்திக்கொள்ளலாம். நட்சத்திரம் பார்க்க ஆசை இருந்தால் அமாவாசையை ஒட்டிய நாளாகத் தேர்ந்தெடுங்கள்.

முந்தைய இரவு

தண்ணீர் ஆளுக்கு 4 லிட்டர், குளிர்காலத்திலும். வண்டிக்கென்று தனியாக 4 லிட்டர். எலெக்ட்ரால் போன்ற உப்புக் கரைசல் பொட்டலம் சில. பிளட் பிரஷருக்காக நீர் பிரியும் மாத்திரை எடுக்கும் பெரியவர்கள் இருந்தால், அந்த நாளுக்கு எப்படி எடுப்பது என்று மருத்துவரிடம் முன்பே கேட்டுவிடுங்கள். என் அம்மாவுக்கு அப்படித்தான் கேட்டோம்.

சாப்பாடு கட்டிக்கொண்டு போங்கள். புளியோதரையும் உருளைக்கிழங்கு வறுவலும் ஒரு நாள் பயணத்துக்காகவே பிறந்தவை. தயிர் சாதம் என்றால் ஐஸ் பெட்டி வேண்டும். உள்ளே ஃபர்னஸ் க்ரீக்கிலும் ஸ்டவ்பைப் வெல்ஸிலும் உணவகங்கள் உண்டு, ஆனால் சாப்பாட்டுக்காக அங்கே போய்வருவதில் பகலின் நல்ல பகுதி ஒன்று போய்விடும்.

உடை விஷயத்தில் நம்மவர்கள் பாலைவனம் என்ற சொல்லை நம்பி ஏமாறுகிறார்கள். ஜனவரி விடியலில் பள்ளத்திலேயே ஐந்தாறு டிகிரிதான் இருக்கும், மலைமேல் பனிக்காற்று அறையும். ஸ்வெட்டர், குல்லா, அதன்மேல் ஒரு ஜாக்கெட். எட்டு மணிக்கு மேல் ஒவ்வொன்றாகக் கழற்றலாம். அகல விளிம்புத் தொப்பி, கறுப்புக் கண்ணாடி, காலை மூடும் ஷூ. செருப்போடு வந்தால் உப்புத் தரையிலும் மணலிலும் ஒன்றும் செய்ய முடியாது.

கழிப்பறைகள் முக்கியமான இடங்களில் எல்லாம் உண்டு, ஆனால் பல இடங்களில் தண்ணீர் இருக்காது. ஒரு பாட்டில் தண்ணீர், டிஷ்யூ, சானிடைசர் மூன்றையும் ஒரு பையில் போட்டு கைக்கெட்டும் இடத்தில் வையுங்கள். பெரியவர்களோடு போகும்போது இந்தப் பைதான் நாளைக் காப்பாற்றும்.

வண்டி: நான்கு டயரின் காற்றையும் ஸ்டெப்னியையும் பாருங்கள். வாடகை வண்டியில் ஸ்டெப்னியே இல்லாமல் கொடுத்துவிடுகிற வழக்கமும் உண்டு, டிக்கியைத் திறந்து உறுதி செய்யுங்கள். மண்சாலையில் இறங்காதீர்கள், வாடகை ஒப்பந்தங்கள் பெரும்பாலும் அதை அனுமதிப்பதில்லை.

வரைபடத்தை போனில் முன்பே இறக்கி வையுங்கள், காகித வரைபடம் ஒன்றும் கையில் இருக்கட்டும். பூங்காவின் பெரும்பகுதியில் சிக்னல் கிடையாது. ஜிபிஎஸ் இங்கே உயிரை வாங்கியிருக்கிறது. 2009 ஆகஸ்டில் ஒரு தாய் தன் சிறு மகனோடு ஆள் நடமாட்டமில்லாத மண்தடத்தில் போய் மணலில் வண்டியோடு சிக்கினார். ஐந்து நாள் கழித்துப் பூங்காக் காவலரான ரேஞ்சர் கண்டுபிடித்தபோது தாய் உயிரோடு இருந்தார், பிள்ளை இல்லை. குறுக்குவழி என்று போன் எதைக் காட்டினாலும் தார்ச்சாலையை விட்டு இறங்காதீர்கள். போகும் வழியையும் திரும்பும் நேரத்தையும் வீட்டில் ஒருவரிடம் சொல்லிவிட்டுக் கிளம்புங்கள்.

4.30 மணி: கிளம்புதல்

நாள் முழுவதும் ஏறக்குறைய 400 மைல் ஓட்ட வேண்டியிருக்கும். இரண்டு பேர் மாற்றி மாற்றி ஓட்டுவது நல்லது. வேகாஸிலிருந்து 160-ஆம் சாலையில் பரம்ப் என்ற ஊர், சுமார் 60 மைல். அங்கே டேங்க்கை நிரப்பிவிடுங்கள், பூங்காவுக்குள் பெட்ரோல் விலை கசக்கும். பரம்ப்பிலிருந்து டெத் வேலி ஜங்ஷன் வழியாக 190-ஆம் சாலை. கலிஃபோர்னியாவுக்குள் நுழைந்தாலும் கடிகாரத்தை மாற்ற வேண்டாம், இரண்டு மாநிலத்துக்கும் ஒரே நேரம்தான்.

6.30: ஸப்ரிஸ்கி பாயிண்ட்

வழியில் முதலில் நிற்பது இங்கேதான், விடியலுக்கு இதைவிட நல்ல இடமும் இல்லை. வண்டி நிறுத்துமிடத்திலிருந்து தார் போட்ட சிறு ஏற்றம், முட்டிவலி உள்ளவர்கள் கையைப் பிடித்துக்கொண்டு நிதானமாக ஏறலாம். கிழக்கைப் பார்த்து நிற்காதீர்கள். சூரியன் நம் முதுகுப் பக்கம் உதிக்கும், காட்சி எதிரே மேற்கில். முதலில் தூரத்துப் பேனமின்ட் மலையின் உச்சி ரோஸ் நிறமாகும். அந்த நிறம் மெல்ல மெல்லக் கீழிறங்கி வரும். கடைசியில், காலடியில் மடிப்பு மடிப்பாகக் கிடக்கும் மஞ்சள் மண்மேடுகள் ஒவ்வொன்றாக விழிக்கும். பல லட்சம் ஆண்டுகளுக்கு முன் இருந்த ஏரியின் அடிவண்டல் அது. உதயத்துக்கு அரைமணி முன்பும் பின்பும் நில்லுங்கள். முன்பகுதியைத் தவறவிட்டு ஏழரைக்கு வந்து சேர்ந்தவர்கள் "இவ்ளோதானா" என்று கேட்டுவிட்டுப் போவதைப் பார்த்திருக்கிறேன்.

8.00: ஃபர்னஸ் க்ரீக்

பார்வையாளர் மையம் எட்டு மணிக்குத் திறக்கும். கடல்மட்டத்துக்கு 190 அடி கீழே இருக்கிறது. கட்டணத்தைக் கட்டி, ரேஞ்சரிடம் இன்றைக்கு எது மூடியிருக்கிறது என்று கேட்டு, பாட்டில்களை நிரப்பிக்கொண்டு, வாசலில் உள்ள பெரிய வெப்பமானியோடு படம் எடுத்துக்கொண்டு கிளம்பலாம். பக்கத்திலேயே டிம்பிஷா மக்களின் குடியிருப்பு இருக்கிறது. 2000-ஆம் ஆண்டுச் சட்டம் ஒன்று அந்த நிலத்தை அவர்களுக்குத் திருப்பிக் கொடுத்தது. அழைக்காமல் உள்ளே போய்ப் படமெடுப்பது தவறு.

8.30: கோல்டன் கேன்யன்

நடக்க விரும்புகிறவர்களுக்கு இது. இருபுறமும் பொன்னிறச் சுவர் எழும்பிய பிளவுக்குள் ஒரு மைல் போய்த் திரும்பினால் போதும், ஒன்றே கால் மணி நேரம். ஒரு காலத்தில் இதற்குள் கார் போகும் சாலையே இருந்தது. 1976 வெள்ளம் அதை அடித்துப் போய்விட்டது, தார்த் துண்டுகள் இன்னும் ஆங்காங்கே கிடக்கின்றன. காலை நிழல் இருக்கும்போதே முடித்துவிட வேண்டும். பெரியவர்கள் வாசலருகே கொஞ்சம் நடந்துவிட்டு உட்காரலாம்.

10.15: பேட்வாட்டர்

கடல்மட்டத்துக்கு 282 அடி கீழே, வட அமெரிக்காவின் தாழ்ந்த இடம். இறங்கியதும் எல்லோரும் வெள்ளைத் தரையைப் பார்த்து ஓடுவார்கள். ஒரு நிமிடம் திரும்பி, பின்னால் உள்ள செங்குத்துப் பாறையை அண்ணாந்து பாருங்கள். வெகு உயரத்தில் ஒரு சிறிய வெள்ளைப் பலகை தெரியும். கடல்மட்டம் அங்கே இருக்கிறது.

என் அப்பா தூத்துக்குடிக்காரர். தாத்தா உப்பளத்தில் வேலை பார்த்தவர். அப்பா மரப்பாதையைத் தாண்டி, உப்பு அறுகோணம் அறுகோணமாக வெடித்துக் கிடக்கும் இடம் வரை நடந்து, குனிந்து தொட்டுப் பார்த்தார். "பாத்தியும் கட்டல, தண்ணியும் பாய்ச்சல, இம்புட்டு உப்பு தானா வெளஞ்சு கெடக்கே. யாருமே வாரலயா இத?" என்று கேட்டார்.

அது விளைகிற முறை அளத்தில் விளைவதேதான். சுற்று மலைகளில் பெய்வது உப்பைக் கரைத்துக்கொண்டு இந்தத் தொட்டிக்கு வந்து சேர்கிறது, வெளியேற வழி இல்லை. ஆண்டுக்கு இரண்டு அங்குலம் பெய்யும் இடத்தில் 150 அங்குல நீரை ஆவியாக்கக்கூடிய வெயில். நீர் போய் உப்பு தங்குகிறது. பெரும்பகுதி நாம் சமையலில் போடும் அதே உப்புதான். பல்லாயிரம் ஆண்டு முன்பு இங்கே 600 அடி ஆழத்துக்கு மேன்லி ஏரி கிடந்தது. ஹிலரி மழைக்குப் பிறகு அந்த ஏரி ஆழமில்லாமல் கொஞ்ச காலம் திரும்பி வந்தது, 2024 பிப்ரவரியில் மக்கள் அதில் துடுப்புப் படகு விட்டார்கள்.

அப்பா ஒரு சிட்டிகை எடுத்துக் கைக்குட்டையில் முடிந்துகொள்ளப் பார்த்தார். பூங்காவிலிருந்து எதையும் எடுத்துப் போகக்கூடாது என்றதும் உதிர்த்துவிட்டார். கரடு கல் என்றாலும் உப்பென்றாலும் ஓர் இலை என்றாலும் சட்டம் அதுதான். டிரோன் பறக்கவிடவும் தடை. ஈரமாக இருக்கும் நாளில் சேற்றுப் பகுதியில் கால் வைக்காதீர்கள், அந்தத் தடம் ஆண்டுக்கணக்கில் அழியாது.

வெள்ளை நன்றாகத் தெரியும் இடம் வரை போய்வர மொத்தம் ஒரு மைல் நடந்தால் போதும். என்னதான் இழுத்தாலும் பதினொன்றேகாலுக்கு வண்டியில் ஏறிவிடுங்கள். நிழல் என்பதே அங்கே இல்லை. அப்பாவிடம் நேரமாகிறது என்று சொன்னபோது அவர் மறுபேச்சு பேசவில்லை. "அளத்துக்காரன் விடியுமுன்ன எறங்கி, வெயில் ஏறுமுன்ன கரையேறிடுவான்" என்றார். இந்தத் திட்டத்தை அதைவிடச் சுருக்கமாக யாரும் சொல்லிவிட முடியாது.

12.30: டான்டேஸ் வியூ

இப்போதுதான் மலையேற்றம். வரைபடத்தை மட்டும் பார்ப்பவர்கள், வந்த வழியில் மறுபடி கிழக்கே ஏன் போகவேண்டும், காலையிலேயே இதை முடித்திருக்கலாமே என்பார்கள். உச்சி வெயிலில் இருக்கத் தகுந்த இடம் இது ஒன்றுதான் என்பதால்தான் நடுப்பகலுக்கு ஒதுக்கியிருக்கிறேன். உயரம் 5,475 அடி. பள்ளத்தைவிட 20 முதல் 25 பாரன்ஹீட் டிகிரி குளிர்ச்சி. கழற்றிய ஸ்வெட்டரை மறுபடி போட வேண்டிவரும்.

கடைசிப் பகுதி செங்குத்தான ஏற்றம், 25 அடிக்கு மேல் நீளமான வண்டிகளுக்கு அனுமதி இல்லை. ஏறும்போது என்ஜின் சூட்டு முள்ளைக் கவனியுங்கள், ஏறினால் ஏசியை அணைத்துவிடுங்கள். இறங்கும்போது பிரேக்கையே மிதித்துக்கொண்டிருக்காமல் கீழ் கியரில் வாருங்கள்.

வண்டியை விட்டு இறங்கிய இடத்திலேயே காட்சி. ஒரு மணி நேரத்துக்கு முன் நாம் நின்ற பேட்வாட்டர் நேர் கீழே, ஒரு மைலுக்கும் அதிகமான ஆழத்தில் கிடக்கும். அங்கே நடக்கும் மனிதர்கள் புள்ளியாகக்கூடத் தெரிய மாட்டார்கள். எதிரே 11,049 அடி உயர டெலஸ்கோப் சிகரம், குளிர்காலத்தில் தலையில் பனியோடு. கீழே உப்பு வெள்ளை, மேலே பனி வெள்ளை. இங்கே உட்கார்ந்துதான் நாங்கள் புளியோதரையைப் பிரித்தோம். காற்று பலமாக இருந்தால் காருக்குள்ளேயே சாப்பிடுங்கள். ஒன்றரை மணி வரை அவசரப்பட வேண்டாம், ஓட்டுகிறவர் கொஞ்சம் கண் அயரலாம்.

2.15: ஆர்ட்டிஸ்ட்ஸ் டிரைவ்

பேட்வாட்டர் சாலையிலிருந்து பிரியும் ஒன்பது மைல் ஒருவழிப் பாதை. காலையில் இதைத் தாண்டித்தான் போனோம், வேண்டுமென்றேதான் நுழையவில்லை. இந்தக் குன்றுகள் மேற்குப் பார்த்தவை, பிற்பகல் வெயில் பட்டால்தான் நிறம் எழும்பும். எரிமலை கக்கிய சாம்பலும் பாறையும் காலப்போக்கில் மாறி, இரும்புச் சத்தால் சிவப்பும் மஞ்சளும், வேறு கனிமங்களால் பச்சையும் ஊதாவும் ஆகியிருக்கின்றன. பாதி வழியில் வண்டி நிறுத்தும் இடத்தில் இறங்கிப் பாருங்கள். நடக்க முடியாதவர்களுக்கு இந்த நாளின் நல்ல பகுதி இதுதான், காரை விட்டு இறங்காமலே எல்லாம் தெரியும்.

3.15: ஹார்மனி வெண்காரப் பட்டறை

மணல்மேட்டுக்குப் போகும் வழியில், ஃபர்னஸ் க்ரீக்கைத் தாண்டி இரண்டு மைலில், இருபது நிமிட நிறுத்தம். போராக்ஸ் என்று அறிவிப்புப் பலகையில் இருப்பது நம் பொற்கொல்லர் பற்றவைக்கும்போது பயன்படுத்தும் அதே வெண்காரம்தான். 1883 முதல் 1888 வரை இங்கே காய்ச்சி எடுத்தார்கள். உப்புத் தரையிலிருந்து அதைச் சுரண்டிக் கொண்டுவந்தவர்கள் சீனத் தொழிலாளிகள். பதினெட்டு கோவேறு கழுதையும் இரண்டு குதிரையும் பூட்டிய பெருவண்டிகள் 165 மைல் தள்ளி மொஹாவி ரயில் நிலையத்துக்குப் பத்து நாளில் இழுத்துப் போயின. கோடையில் காய்ச்சிய நீர் ஆறவே ஆறாது, ஆறாமல் வெண்காரம் படியாது. அதனால் கோடை மாதங்களில் வேலையை உயரமான வேறு இடத்துக்கு மாற்றினார்கள். அந்த வண்டியின் சக்கரம் ஒன்றின் பக்கத்தில் நின்று பாருங்கள், ஆள் உயரத்துக்கும் மேல் இருக்கும்.

4.00: மெஸ்கீட் மணல்மேடு

ஸ்டவ்பைப் வெல்ஸுக்குச் சற்று முன்னால், சாலையோரத்திலேயே. பூங்காவில் மணல் கிடப்பது மிகச் சிறிய பகுதியில்தான், அதில் எளிதில் போகக்கூடியது இது. உயர்ந்த மேடு நூறு அடி. சாய்ந்த வெயிலில் ஒவ்வொரு அலைக்கும் ஒரு பக்கம் பொன், ஒரு பக்கம் நிழல். குழந்தைகளை இங்கே அவிழ்த்துவிடலாம். முதல் கால்மைல் முழுக்கக் காலடித் தடமாக இருக்கும், தடமில்லாத மணல் வேண்டுமென்றால் இன்னும் கொஞ்சம் உள்ளே போக வேண்டும். திரும்பும் திசைக்கு மலையின் ஏதாவது ஓர் அடையாளத்தை மனதில் வைத்துக்கொண்டு போங்கள், மறைவுக்குப் பின் இருட்டு சீக்கிரம் கவியும். ஆளுக்கொரு டார்ச் கட்டாயம்.

சூரியன் மறைந்ததும் பெரும்பாலானவர்கள் கிளம்பிவிடுவார்கள். ஒரு மணி நேரம் இருங்கள். சர்வதேச இருள்வானப் பூங்காக்களில் மிக உயர்ந்த தரம் 2013-ல் இதற்குக் கிடைத்தது. ஜனவரி மாலையில் கார்த்திகைக் கூட்டம் கிழக்கு வானில் உயரே, அதற்குக் கீழே சிவந்த ரோகிணி, இன்னும் கீழே திருவாதிரை. பஞ்சாங்கத்தில் மட்டும் தெரிந்த பெயர்களை அம்மா அன்றுதான் வானத்தில் பார்த்தார்.

கோடையில் போய்த்தான் ஆக வேண்டுமென்றால்

காரை விட்டு அதிகம் இறங்காத பயணமாக வைத்துக்கொள்ளுங்கள். ஸப்ரிஸ்கி விடியல், பார்வையாளர் மையம், டான்டேஸ் வியூ, அவ்வளவுதான். பத்து மணிக்கு மேல் பள்ளத்தில் நடக்கவே கூடாது, எந்த இடத்திலும் பத்து நிமிடத்துக்கு மேல் வெளியே நிற்காதீர்கள். தலைச்சுற்றல், குமட்டல், தலைவலி, குழப்பமான பேச்சு இவற்றில் ஒன்று தெரிந்தாலும் உடனே நிழலுக்கோ ஏசிக்கோ கொண்டுபோய், ஈரத்துணியால் உடம்பைக் குளிர்வித்து, 911-ஐ அழையுங்கள். வண்டி நின்றுபோனால் அதை விட்டு நடக்காதீர்கள். சாலையில் நிற்கும் கார் கண்ணில் படும், வெயிலில் நடக்கும் மனிதர் படமாட்டார். 2024 ஜூலையில் ஆறு பேர் மோட்டார் சைக்கிளில் பேட்வாட்டர் பக்கம் போனார்கள், ஒருவர் அங்கேயே இறந்தார். மீட்பு ஹெலிகாப்டரால் அந்தச் சூட்டில் பறக்க முடியவில்லை. அதே மாதம் மணல்மேட்டில் செருப்பு கழன்றுபோன ஒரு பயணிக்குப் பாதத் தோலே வெந்துவிட்டது.

திரும்பும் வழி

இரவில் வந்த வழியே திரும்ப வேண்டாம். மணல்மேட்டிலிருந்து டேலைட் கணவாய் ஏறி பியாட்டி ஊருக்குப் போங்கள், முக்கால் மணி நேரம். பெட்ரோலும் காபியும் அங்கே கிடைக்கும். அங்கிருந்து 95-ஆம் சாலை நேராக வேகாஸ், 115 மைல். பியாட்டியைச் சுற்றிக் காட்டுக் கழுதைகள் நிறைய, அந்தக் காலச் சுரங்கக்காரர்கள் விட்டுப்போனவற்றின் வழிவந்தவை. இருட்டில் சாலை நடுவே அசையாமல் நிற்கும். ஊரைக் கடக்கும் வரை வேகத்தைக் குறைத்து, ஹெட்லைட்டை உயர்த்தி வைத்து ஓட்டுங்கள்.